கலவன் பிடுங்கிய கரடு

நுணாக் கன்றை வேரோடு பிடுங்கினால் விரல் நுனிகளில் ஒரு மஞ்சள் ஏறும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. ஆறாம் வகுப்பு முழுக்க நான் அந்த மஞ்சள் விரல்களோடுதான் பள்ளிக்குப் போய்வந்தேன்.

திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகும் வழியில், எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு கரடு, பாறையும் மண்ணுமான சின்னக் குன்று, இருக்கிறது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசி அதில் தைலமரம் வைத்தார்கள். காவலுக்கு என் அப்பாவை, நாங்கள் கூப்பிடுகிறபடி சொன்னால் நைனாவை, அமர்த்தினார்கள். மரம் நன்றாக வந்தால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. அதுவரை அவர் திருவாலங்காட்டுப் பக்கம் விதைநெல் வயல்களில் கூலி வேலை செய்தவர். விதைநெல்லுக்கு நடுவே வேறு ரகப் பயிர் ஒன்று தலைநீட்டினால் அதற்குக் "கலவன்" என்று பெயர். பூக்கும் முன்பே பிடுங்கி எறிய வேண்டும், விட்டால் மொத்த விதையையும் கழித்துத் தள்ளிவிடுவார்கள். நைனாவின் கண் கலவனுக்கென்றே பழகிய கண். இனி சேற்றில் இறங்க வேண்டாம் என்ற நிம்மதியோடு கரட்டில் ஏறியவர், அந்தக் கண்ணையும் கூடவே கொண்டுபோனார்.

தைலமர வரிசைகளுக்கு நடுவே தானாக முளைத்த எல்லாமே அவருக்குக் கலவனாகத் தெரிந்தன. பிடுங்கும்படி யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். எதையும் பட்டியல் போடாமல் இருக்க முடியாத பிள்ளை நான். அன்றன்று பிடுங்கியவற்றை ஒரு பழைய நோட்டில் எழுதுவேன்: உசில், நுணா, வேம்பு, வெப்பாலை, கொன்றை, இலந்தை, பெயர் தெரியாதவற்றுக்கு இலையின் படம். பட்டியல் நீள நீள எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவின் தங்கை, ஆடு ஓட்டிக்கொண்டு அந்த வழியே வருகிற சித்தி, நைனாவைக் கேலி செய்வாள்: "இன்னா பாவா, காட்டுக்குத் தல வாரி உட்டுகினு கீறியா?" தன் ஆடுகளுக்கு உசில் தழையையாவது விட்டுவைக்கக்கூடாதா என்றும் கேட்டாள். நைனா நிமிராமலே, "கலவன் கலவன்தாம்மா. ஒண்ண உட்டா எல்லாத்தையும் கெடுத்துடும்" என்றார்.

உச்சியில் ஒரு வீட்டு மனை அளவு இடம் மட்டும் அவருக்கு எட்டவில்லை. பாறையும் காரை முள்ளும் பின்னிக்கிடந்த திட்டு அது. கையை நுழைக்க முடியாது.

பிறகு மழை பொய்த்தது. முதல் ஆண்டு தைலமரங்கள் தாக்குப்பிடித்தன. இரண்டாம் ஆண்டும் பொய்த்தபோது, பங்குனி பிறந்த சில நாட்களில், அடிவாரத்திலிருந்து மேல்வரை ஒன்றுபோல் பழுத்து ஒன்றுபோல் காய்ந்தன. நைனா குடத்தில் தண்ணீர் சுமந்து தோள் புண்ணாகிப்போனார். ஒரு கரட்டுக்கு ஒரு மனிதர் எத்தனை குடம் ஊற்றுவார்? முள் திட்டில் உசில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது, வேம்பு அந்த வெயிலிலேயே துளிர்த்தது, இலந்தை இரண்டு பட்டுப்போயின. பச்சை குறைந்ததே தவிர அற்றுப்போகவில்லை.

பட்ட மரங்களை விறகுக்கு வெட்டினார்கள். காக்க ஒன்றும் இல்லாததால் காவலும் இல்லை. நைனா ஆவடிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் போய் உட்கார்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

வறட்சியைக் காடுகள் எப்படித் தாங்குகின்றன என்று செயற்கைக்கோள் படங்களில் பார்ப்பது இப்போது என் வேலை. ஒரே இனத்தில் ஒரே வயது மரங்கள் ஒரே ஆழத்தில், ஒரே நேரத்தில் தண்ணீர் தேடுகின்றன. ஒன்றுக்கு முடியாத அன்று எல்லாவற்றுக்கும் முடிவதில்லை. பல இனங்கள் கலந்த இடத்தில் ஒன்று ஆழத்தில் குடிக்கிறது, ஒன்று இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கிறது. கலந்திருந்தால் சாவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லாம் சேர்ந்து சாவது குறைவு.

போன பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்த நைனா, என் மடிக்கணினியில் கரட்டின் பழைய படத்தைப் பார்த்துவிட்டார். காய்ந்த பழுப்புக்கு நடுவே ஒரு பச்சைப் புள்ளி. "அந்த முள்ளுத் திட்டு மட்டும் எப்டிம்மா தப்பிச்சிது? அதுக்கு நான் ஒரு கொடம் தண்ணிகூட ஊத்தலியே" என்று கேட்டார். தான் சுமந்த தண்ணீர் போதவில்லை என்றுதான் இத்தனை ஆண்டும் அவர் நினைத்திருந்தார். கரடு மொத்தமாகக் காய்ந்ததற்குத் தண்ணீர்க் குறையைவிட அவர் பிடுங்கியதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

"பாறைக்கடியில ஈரம் இருந்திருக்கும் நைனா."

"ஆங்," என்றார். மடிக்கணினியை என் பக்கம் தள்ளிவிட்டு, "அப்ப நம்ம கையில ஒண்ணுமில்ல" என்றார். அன்று இன்னொரு முறை சோறு போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பாறைக்கடியில் ஈரம் ஏது? கரட்டிலேயே முதலில் காய்கிற இடம் அது. என்றைக்காவது அவரை அங்கே கூட்டிப்போய், ஒவ்வொரு மரமாகக் காட்டிச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சித்திரையில் ஊருக்குப் போனபோது, ரோட்டுக்கு ஜல்லி உடைக்கத் திட்டைத் தகர்த்திருந்தார்கள். வெள்ளையாக ஒரு பள்ளம் மட்டும் கிடந்தது. இனி நான் உண்மையைச் சொன்னாலும், இதோ பார் நைனா என்று காட்ட அங்கே ஒரு மரமும் இல்லை.