கரும்புத் தொட்டில் சுமந்த வண்டி

அண்ணனின் ஆண்டு நினைவு நாளுக்கு வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் படத்தின் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வண்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஓராண்டாக வீட்டுக்கு வந்த எல்லோரும், "குழந்தையோட பொம்மைய எதுக்கு இங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டு என் வாயைக் கிளறிவிட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பைச் சித்தப்பாவிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன். அது பொம்மை இல்லை. அண்ணன் மலையேறுவதற்காகக் கட்டிய வண்டி.

அண்ணன் செந்துறைப் பக்கத்தில் ஒரு முந்திரிக் கொல்லைக்காரர் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பைத் தொழிற்பயிற்சியோடு நிறுத்திக்கொண்டு, தொண்ணூற்றைந்து வாக்கில் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். கல் ஏற்றும் பெரிய லாரிகளின் அடியில் படுத்தே அவருடைய வாலிபம் கழிந்தது. என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார், பிறகுதான் தமக்குப் பெண் பார்க்கச் சொன்னார். பெரம்பலூரிலிருந்து அண்ணி வந்தார்.

நெடுநாள் குழந்தை இல்லை. செட்டிகுளத்து மலை முருகன் கையில் கரும்பு வைத்திருப்பவர் அல்லவா, அவரிடம் போய், பிள்ளை பிறந்தால் கரும்புத் தொட்டில் கட்டி அடிவாரத்திலிருந்து என் கையாலேயே சுமந்து வருகிறேன் என்று அண்ணன் வேண்டிக்கொண்டார். அண்ணி உண்டானார். வளைகாப்புக்கு நாள் குறித்த வாரத்தில், வேலையிடத்தில் ஜாக்கி நழுவி லாரி அண்ணன் இடுப்பில் இறங்கியது. உயிர் தங்கியது, கால்கள் போய்விட்டன. குழந்தை பிறந்தபோது அண்ணன் திருச்சியில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார்.

பெரம்பலூரில் அண்ணியின் பிறந்த வீட்டுக்கு அருகே, படி இல்லாத வீடாகப் பார்த்துக் குடி வைத்தோம். கால் போனதைக்கூட அண்ணன் வாய்விட்டுச் சொல்லி அழுததில்லை. வேண்டுதல் நிற்கிறதே என்பதுதான் அவரை அரித்தது. மாமாக்கள் வந்து, "நாங்க உன்ன நாற்காலியோட தூக்கிட்டுப் போறோம்" என்றார்கள்.

"மூட்ட மாதிரி போய் எறங்கவா வேண்டிக்கிட்டேன்? என் கையால கொண்டு போறேன்னு சொல்லியிருக்கேன். விடுங்க" என்றார். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அண்ணனோடு படித்த லப்பைக்குடிக்காட்டு நண்பர், நாங்கள் பாய் என்று அழைப்பவர், துபாயிலிருந்து விடுமுறையில் வந்தார். அங்கே சிலர் சின்ன ரிமோட் வண்டிகளைப் பாறைமேல் ஏற்றி விளையாடுவதைப் பார்த்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேகமாப் போவுமா, மெதுவாவா?"

"நத்தை மாதிரிதான் போவுது மாப்ள. ஆனா விடாமப் போவுது."

"அதுதான் வேணும்" என்றார் அண்ணன். விபத்துக்குப் பிறகு அவர் ஒன்று வேண்டும் என்று கேட்டது அன்றைக்குத்தான்.

ரிமோட், சக்கரம் திருப்பும் சின்ன மோட்டார், பேட்டரி மூன்றையும் பாய் அடுத்த பயணத்தில் புதிதாக வாங்கி வந்தார். மற்றதெல்லாம் பழசு. குழந்தையின் உடைந்த பொம்மை ஜீப்பிலிருந்து அச்சுகள் வந்தன. ஓட்டும் மோட்டாரும் பல்சக்கரமும் சுவிட்ச் எரிந்துபோன துளைபோடும் மெஷினிலிருந்து வந்தவை. சைக்கிள் கம்பிகளை வளைத்து, அச்சுகளை வண்டியின் உடலோடு சேர்க்கும் கைகள் செய்தார். சக்கரத்துக்கு மெத்தைப் பஞ்சு சுற்றி மேலே சைக்கிள் டயரை வெட்டி ஒட்டினார். அச்சுக்குள் இருந்த பல்சக்கரங்களைப் பசை ஊற்றி இறுக்கியபோது, ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு சக்கரமும் ஒண்ணா சுத்தணும். ஒண்ணு காத்துல தொங்குனாலும் இன்னொண்ணு இழுத்துட்டுப் போவணும்" என்று சொன்னவர், அண்ணியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டு வாசலில் ஜல்லிக் குவியல், பிறகு கருங்கல் குவியல். வண்டி கவிழும், குழந்தை கைதட்டும், அண்ணன் பின்னுக்கு எடுத்து மறுபடி ஏற்றுவார். யாராவது ஓடிப்போய் நிமிர்த்தினால் கோபம் வரும். பேட்டரியின் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, முன்பக்கம் கனம் இருந்தால் ஏறுகிறது என்று கண்டுபிடித்தபோது அவர் முகத்தில் பழைய அண்ணனைப் பார்த்தேன்.

மலைக்குருக்களிடம் அனுமதி கேட்கப் போனேன். வண்டியில் வரும் தொட்டிலைச் சாமி ஏற்றுக்கொள்வாரா என்று எனக்கே சந்தேகம். அவரோ, "அவர் கையாலதானே ஓட்டறார்? கொண்டு வாங்கோ" என்றார்.

பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள் மாலை, கரும்பைச் சீவி உள்ளங்கையளவு தொட்டில் செய்து, குழந்தையின் முதல் சட்டைத் துணியை ஏணை போலக் கட்டி, வண்டியின் மேல் இறுக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனோம். மறுநாள் காலை ஆட்டோவில் அமர்ந்தபடி அடிவாரத்திலிருந்து அண்ணன் ஓட்டினார். குழந்தையோடு அண்ணி மேலே நின்றார். நான் வண்டி கூடவே படியில் ஏறினேன். படிக்கட்டை ஒட்டிய பாறையில் அது ஒவ்வொரு பிளவாக மோந்து பார்ப்பது போல ஏறியது. காவடிக்காரர்கள்கூட நின்று பார்த்தார்கள். பாதி மலையில் நின்றுவிட்டது. அண்ணன் கீழிருந்து என்னென்னவோ செய்தார், அசையவில்லை.

"அண்ணே, நான் எடுத்துட்டுப் போயிடட்டுமா?" என்று கத்தினேன்.

"வேண்டாம். கீழ கொண்டாந்துடு" என்றார்.

ஆட்டோவிலேயே வண்டியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எறும்பு அப்பியிருந்தது. சீவிய கரும்பின் சாறு விடியவிடியச் சொட்டிப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. ஊரில் எந்த வீட்டில் கரும்பு வைத்தாலும் எறும்பு வரும் என்று தெரிந்த நாங்கள் அத்தனை பேரும் அதை மறந்திருந்தோம். அண்ணன் சிரித்தார். "சாமிக்கு முன்னாடி எறும்புக்குப் பிரசாதம் ஆயிடுச்சு" என்றார். ஆலத்தூர் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தவர், அதன்பிறகு முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை அண்ணி பார்த்தார், நானும் பார்த்தேன்.

பெட்டியைக் கழுவிச் சைக்கிள் டியூபால் மூடினார். அடுத்த பங்குனிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மார்கழியில் படுக்கைப்புண் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, கிருமி சிறுநீரகத்துக்கு இறங்கியது. மறுபடி திருச்சி.

கடைசி வாரத்தில் ரிமோட்டைக் கொண்டுவரச் சொல்லி அண்ணியிடம் கொடுத்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று அண்ணி அழுதார். "நீ ஓட்டுனா நான் ஓட்டுன மாதிரிதான். கத்துக்க" என்றார். வண்டி பெரம்பலூரில் இருந்தது. அதனால் தம் உணர்வில்லாத முழங்கால்களை மடக்கி வைக்கச் சொல்லி, போர்வையை அவற்றின்மேல் மலை போல விரிக்கச் சொன்னார். தம் வலது கையை வண்டியாக வைத்துக்கொண்டார். அண்ணி ரிமோட்டைத் திருப்பத் திருப்ப அந்தக் கை போர்வையின் மடிப்புகளில் ஏறியது, சரிந்தது. "அவசரப்படாத. பின்னுக்கு எடு. இப்ப ஏத்து" என்றார். முழங்கால் உச்சிக்கு வருமுன் கை சோர்ந்துவிடும். ஒரு நாள்கூட உச்சிக்குப் போகவில்லை.

துக்க வீட்டார் ஓராண்டுக்கு மலைக்கோயில் ஏறக் கூடாது என்பது நம் வழக்கம். சென்ற பங்குனி அப்படியே போயிற்று. சும்மா கிடந்தால் பேட்டரி செத்துவிடும் என்று அண்ணன் சொன்னதை மறக்காமல், அண்ணி ஆண்டு முழுவதும் அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்தார். வாசல் கருங்கல் குவியலை அகற்றவும் விடவில்லை.

அண்ணனைத் தம் பிள்ளை போலப் புரட்டிப் படுக்க வைத்த செவிலியர்களுக்கும், மருத்துவர்களுக்கும், சுரங்கத் தோழர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், அண்ணன் இறந்த செய்தி கேட்டுத் துபாயிலிருந்து அழுதபடி பேசி, இன்று நேரில் வந்து நிற்கும் பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்றோடு ஆண்டு நிறைகிறது. நாளைக் காலை செட்டிகுளம் போகிறோம். கரும்பை அடிவாரத்தில்தான் சீவுவோம். குழந்தை நடந்தே ஏறுவாள், அண்ணி ஓட்டுவார். கூட வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வண்டி எங்காவது நின்றாலும் கவிழ்ந்தாலும், பாசத்தில் யாரும் ஓடிவந்து கைகொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள். அண்ணி பின்னுக்கு எடுத்து, மறுபடி ஏற்றிக்கொள்வார்.