மலைக்குள்ளே ஒரு காணிப் பள்ளிக்கூடம்

காரையாறு அணைக்கு அந்தப்பக்கம், காட்டுக்குள் இருக்கும் காணிப் பழங்குடிகளின் குடியிருப்பில் பிறந்தவள்தான் முத்துராணி. ஆனாலும் அதே ஊர் அங்கன்வாடிக்கு டீச்சராக வந்து சேர்ந்தபோது, காணிப் பேச்சு அவளுக்குக் காதில் ஏறியதே தவிர நாக்கில் வரவில்லை. ஐந்து வயதில் அவளை அடிவாரத்து விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். தமிழா மலையாளமா என்று தெரியாத பேச்சு என்று அங்கே பிள்ளைகள் சிரித்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு திறந்தபோது சுத்தமான திருநெல்வேலித் தமிழ்தான் வந்தது.

அன்றைக்கு அதே ஜீப்பில் அவளோடு போனவள் ஆறுமுகத்தாய். முதல் லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகமாட்டேன் என்று பலாமரத்து உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஜீப் கிளம்பிப் போகிறவரை இறங்கவில்லை. ஊர் அவளை உருப்படாதவள் என்றது. இப்போது அங்கன்வாடியில் சமையல் செய்யும் உதவியாளர் அவள்தான்.

சேர்ந்த புதிதில் முத்துராணி திண்டாடிப்போனாள். சுவரில் ஆப்பிள், ரயில், ஒட்டகம் என்று படங்கள். அவள் சொன்னதைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும், அதோடு சரி. அதிலும் பவிஷா என்ற நாலு வயதுப் பெண் வாயே திறக்கமாட்டாள். ஜீப் ஓட்டும் ஐயம்பெருமாளின் மகள்.

ஒரு நாள் மத்தியானம் அடுப்படிப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. முத்துராணி எட்டிப் பார்த்தாள். ஆறுமுகத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து காணிப் பேச்சில் பொரிந்து தள்ளின. ஓடைக்கரையில் உள்ள வளை நண்டுவளையா எலிவளையா என்று பவிஷா சண்டைக்கு நின்றாள். முத்துராணிக்கு முதலில் பொறாமைதான் வந்தது.

“ஏட்டி, எங்கிட்ட பேசாததுவ உங்கிட்ட மட்டும் எப்படிப் பேசுதுவ?”

ஆறுமுகத்தாய் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ சொல்லுதது பாதி அதுவளுக்குப் புரியல. நீ காட்டுதது ஒண்ணும் இங்கன கெடையாது.”

“அப்ப இங்கன உள்ளதக் காட்டுவோம்.”

“காட்டலாம். நம்ம பேச்சுல பேசணும்லா?”

“எனக்கும் சேத்துச் சொல்லித் தா.”

அப்படித்தான் அது தொடங்கியது. காலையில் சத்துமாவு உருண்டை தின்றதும் பிள்ளைகள் ஓடைக்கரைக்குப் போவார்கள். உதிர்ந்த நல்லமிளகை எண்ணுவார்கள். எந்த இலை அரிக்கும், ஈரமண்ணில் கிடப்பது மிளாமானின் தடமா பன்றியின் தடமா என்று பார்ப்பார்கள். கட்டிடத்துக்குப் பின்னால் சேனையும் மரவள்ளியும் நட்டார்கள். எல்லாம் காணிப் பேச்சில். முத்துராணி தப்பாகச் சொல்லும்போது பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். விடுதியில் கேட்ட சிரிப்புக்கும் இதற்கும் எவ்வளவோ தூரம். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வாசலிலேயே தயங்கி நின்ற பிள்ளைகள் இப்போது கூப்பிடாமலே ஓடிவந்தன.

ஐயம்பெருமாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஒரு நாள் ஜீப்பை வாசலிலேயே நிறுத்தினான்.

“டீச்சர், பிள்ளைய நாலு எழுத்து படிக்கத்தான் அனுப்புதேன். காட்டுல சுத்த நான் பழக்கமாட்டனா?”

“எழுத்தும் உண்டு, அண்ணே. தமிழும் சொல்லிக் குடுக்கேன்.”

“நாளைக்குக் கீழ போயி இந்தப் பேச்சப் பேசுனா சிரிப்பானுவ. உங்களப் பாத்துச் சிரிச்சானுவ, என்னயப் பாத்துச் சிரிச்சானுவ. எம்பிள்ளையும் அதப் படணுமா?”

அவன் சொன்னதில் பொய் இல்லை. மறுநாளிலிருந்து பவிஷா வரவில்லை.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அவன் வீட்டுக்கே போனாள். “சிரிக்கத்தான் செய்வானுவ, அண்ணே. இல்லன்னு சொல்லல. ஆனா அஞ்சு வயசுல மூடுன வாயி எனக்கு இன்னும் சரியாத் தொறக்கல. எங்கம்மா சாவக்கெடந்து பேசுனதுக்குக் கூட நான் தமிழ்லதான் பதில் சொன்னேன். அது நம்ம பவிஷாவுக்கு வேண்டாம்.”

அடுத்த திங்கட்கிழமை பவிஷா வந்தாள்.

மார்கழி தொடக்கத்தில் பெருமழை பிடித்தது. பாதை அறுந்துபோனது. கீழிருந்து அரிசியோ முட்டையோ எதுவும் வர வழியில்லை. ஓட்டுவீடுகள் ஒழுகியதால் பாதிச் சனம் அங்கன்வாடிக்கு வந்துவிட்டது. ஆறுமுகத்தாய் பின்பக்கத்துச் சேனையைத் தோண்டி அடுப்பில் ஏற்றினாள். ஐயம்பெருமாள் ஒரு சாக்கு மரவள்ளியைத் தோளில் சுமந்து வந்தான். அதை ஓடையில் கழுவக்கூடாது, தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, தாழ்வாரத்தில் வடிகிற மழைத்தண்ணீரில்தான் கழுவவேண்டும் என்று பவிஷா காணிப் பேச்சில் அப்பனுக்கு உத்தரவு போட்டாள். கொஞ்ச நாளாக வீட்டில் மகளோடு தமிழ் மட்டுமே பேசுகிற அவன், வாய் தவறினது மாதிரி காணியிலேயே பதில் சொன்னான். அவள் விடவில்லை. அவனும் விடவில்லை. சுற்றியிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு அப்பன் மகள் வழக்கைக் கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பொடியன் ஓடைப் பக்கம் நடந்தான். முத்துராணி கத்திக்கொண்டே ஓடிப்போய் அவனைத் தூக்கி வந்தாள்.

ஆறுமுகத்தாய் அகப்பையோடு நின்றாள். “ஏட்டி, இப்ப என்ன சொல்லிக் கத்துனன்னு தெரியுதா?”

அப்போதுதான் முத்துராணிக்கு உறைத்தது. ‘போகாதே, ஓடை இழுத்துரும்’ என்று காணியில் கத்தியிருக்கிறாள். யோசிக்கவில்லை. தேடவில்லை. தானாக வந்திருக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே தூணில் சாய்ந்து அழுதாள். அழுதபடியே காணியில் பேசத் தொடங்கியவள், அழுகை நின்றபிறகும் பேச்சை நிறுத்தவில்லை. மழை விடும்வரை ஊரே அங்கே காணியில்தான் பேசியது.

ஜூனில் பவிஷா அடிவாரத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். முதல் வாரம் கழிந்து ஐயம்பெருமாள் ஜீப்பை வாசலில் நிறுத்தி ஆரன் அடித்தான். முத்துராணி பயந்தபடியே வெளியே வந்தாள்.

“சிரிச்சானுவளாம், டீச்சர்.”

“அப்புறம்?”

“இவ நிறுத்தலையாம். ஜன்னல்ல தெரியுத மலைய ஒவ்வொண்ணாக் காட்டி, அதுக்கு நம்ம பேச்சுல என்ன பேருன்னு அவனுவளுக்குச் சொல்லிக் குடுத்தாளாம். இப்ப வகுப்புல பாதிப் பேரு அந்தப் பேரத்தான் சொல்லுதானுவளாம்.” சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பெருமை அவன் முகத்தில் கொள்ளவில்லை.

முத்துராணி அடுப்படிக்கு ஓடினாள். மூச்சு வாங்க, எல்லாவற்றையும் காணியிலேயே ஆறுமுகத்தாயிடம் சொன்னாள். ஆறுமுகத்தாய் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“மொதல்ல இருந்து சொல்லு,” என்றாள்.