முப்பது தொன் தொடுப்பு

பாரிசில், எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில், நகைக்கடை ஒன்றில் வேலைக்கு நிற்கிறேன். தாலிக்கொடியும் அட்டியலும் எடுத்துக் காட்டுகிற கை என்பதால் நகமெல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும். காலையில் முதலாளி முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, விரல்களை. அப்படிப்பட்ட நான் கோடை லீவில் இங்கிலாந்துக்குப் போய், முழங்கை வரை கிறீசுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் யாருக்கும் சொல்லவில்லை. "லண்டனிலை ஒரு அலுவல்" என்பேன். என்ன அலுவல் என்று கேட்டால், "அது ஒரு அலுவல்" என்பேன். பொய் சொல்வதில் என் திறமை அவ்வளவுதான்.

அலுவல் வேறொன்றும் இல்லை, லொறி. பழைய பிரித்தானிய லொறி. அதுவும் மரக்கறி ஏற்றுகிற சாதி இல்லை. மின்நிலையத்துக்கு வீட்டளவு ட்ரான்ஸ்போமரை மனிதர் நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டு போன ராட்சதர்கள். முதுகில் இரும்பும் கொங்கிறீற்றும் சுமந்துகொண்டுதான் இழுப்பார்கள், இல்லாவிட்டால் சில்லு நிலத்தைப் பிடிக்காது. ஒருமுறை உறவினர் கலியாணம் ஒன்றுக்கு இங்கிலாந்துக்குத் தனியாகப் போனேன். வழியில் ஒரு வயலுக்குள் இப்படியான லொறிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எழுபது தாண்டிய வெள்ளைக்காரர் ஒருவர் தன் லொறியைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து ஒரு பழந்துணியை என்னிடம் நீட்டினார். கலியாண உடுப்போடு துடைக்கத் தொடங்கியவன்தான். தாலி கட்டி, சாப்பாடும் முடிந்து, மண்டபத்தைக் கூட்டும்போதுதான் போய்ச் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையும் அந்தக் கிழவரிடம் போகிறேன். இதில் பெரிய வெட்கம், எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. பெர்மி என்கிற பிரெஞ்சு லைசென்ஸ் பரீட்சைக்குப் போய்ப் போய், கடைசியில் பரீட்சைக்காரருக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. கிழவர் ஓட்டுவார், நான் துடைப்பேன்.

அந்த லொறிகளைச் செய்த கொம்பனிகள் ஒன்றும் இன்று இல்லை. கேட்டவனின் பாரத்துக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாகப் பொருத்திக் கொடுத்தவர்கள். ஆனால் உள்ளே இருந்து ஓட்டுகிறவனுக்குக் குளிருமே, ஒரு ஹீற்றர் வைப்போம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லையாம். சுவீடன்காரனும் ஒல்லாந்துக்காரனும் சூடும் கட்டிலும் வைத்த லொறியோடு வந்து இறங்கினார்கள். இவர்கள் ஒருவரை ஒருவர் வாங்கி, எல்லாரும் ஒரே பெரிய கொம்பனிக்குள் போய், சேர்ந்தே மூழ்கினார்கள். தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது வீடுகள். கிழவர் இதைச் சொன்னபோது கிறீஸ் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஊரில் எங்கள் காணி பறிபோனபோதுகூட நான் அழவில்லை. எனக்கும் அந்தக் கொம்பனிக்கும் என்ன, மாமன் மச்சான் உறவா? விசர், வேறென்ன.

இதை லா சப்பலில் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. லொறிக்குள் ஒளிந்து எல்லை கடந்து வந்த சனம் நாங்கள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் என்னோடு மூச்சை அடக்கிக்கொண்டு வந்தவர்கள் இன்று பக்கத்துக் கடை முதலாளிகள். அவர்களிடம் போய், லொறி பார்ப்பதற்கு லீவு எடுக்கிறேன் என்றால் சிரித்தே கொன்றுவிடுவார்கள். அதனால் திரும்பி வரும்போது கிழவர் தந்த தோடம்பழ மணச் சவுக்காரத்தால் கையைத் தேய்தேயென்று தேய்த்து, கமகமவென்று வீட்டுக்குள் நுழைவேன். கள்ளன்கூட இவ்வளவு தடயம் வைக்கமாட்டான்.

போன வருடம் மகளுக்குக் கலியாணம் பேசினோம். மகளும் பெடியனும் தாங்களே விரும்பியவர்கள்தான். அதற்காக விசாரிக்காமல் விட எங்கள் ஆட்களுக்கு மனம் வருமா? பெடியனின் தகப்பன் லா சப்பலின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கடையில் முருங்கைக்காய் வாங்கி, இன்னொன்றில் தேத்தண்ணி குடித்து, சலூனில் தலைமயிரும் வெட்டி, மூன்று இடத்திலும் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு மனைவியின் தம்பி லெ பிளாங்-மெனிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தான், பெடியன் வீட்டார் கலியாணம் வேண்டாம் எண்டு நிக்கினம்."

"ஏன்ராப்பா?"

"லண்டனிலை உங்களுக்கு ஒரு தொடுப்பு இருக்காம். மரக்கறிக்கடையிலையும் அதுதான் கதை, சலூனிலையும் அதுதான் கதை."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் அழத் தொடங்கினாள். மனைவி குசினிக்குள் அரிசி களைந்துகொண்டு நின்றாள், திரும்பவே இல்லை.

"அது லொறி," என்றேன்.

"எது?"

"அந்தத் தொடுப்பு."

ரெலிபோனை எடுத்துப் படங்களைக் காட்டினேன். சில்லு, சங்கிலி, பொனற், மறுபடியும் சில்லு. மருந்துக்கும் ஒரு மனித முகம் இல்லை. மச்சான் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "அத்தான், ஒரு மனிசன் இவ்வளவு லொறிப் படம் வைச்சிருந்தா, பின்னாலை எதையோ ஒளிக்கிறார் எண்டுதான் ஆரும் நினைப்பினம்," என்றான். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாள், உண்மையென்றால் இது அதைவிடக் கேவலம் என்று.

பெடியனின் தகப்பனும் நம்பவில்லை. "என்ரை கண்ணாலை பாக்கவேணும்," என்றுவிட்டார். கலியாணம் நடப்பதும் நடக்காததும் ஒரு லொறியின் கையில் இருந்தது. மச்சான் காரை ஓட்ட, அவர் முன்னால் இருக்க, நானும் மனைவியும் பின்னால் இருந்து இங்கிலாந்துக்குப் போனோம். வழியெல்லாம் மனைவி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள். கோபம் என்று நினைத்தேன்.

வயலில் கிழவர் நீல ஓவரோலோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பெடியனின் தகப்பன் லொறியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். அங்கே நின்ற ஒரே பெண், தேத்தண்ணி ஊற்றித் தந்த கிழவரின் மனைவிதான். கைத்தடியோடு நிற்கிற அந்த மனுஷியையும் அவர் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடுதான் பார்த்தார். பிறகு கிழவர் பெடியனின் தகப்பனைக் கைகொடுத்து ஏற்றி உள்ளே இருத்தி எஞ்சினை முடுக்கிவிட்டார். நிலம் அதிர்ந்தது. மனிதர் ஹோணைப் பிடித்து அடித்த அடியில் பக்கத்து வயல் மாடுகள் ஓடின.

"சம்பந்தி!" என்று மேலிருந்து கத்தினார். "இது லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?"

சம்பந்தி என்று முதல்முறையாகச் சொல்லிவிட்டார். அப்பாடா! மச்சான் அந்த இடத்திலேயே மகளுக்கு அழைப்பு எடுத்தான். அவள் போட்ட சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டது.

மனைவி மட்டும் தள்ளி நின்றாள். வெற்றித் திமிரோடு பக்கத்தில் போனேன்.

"பாத்தீரோ? சனம் கட்டின கதையை நீரும் நம்பினீராக்கும்?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"ஓம்," என்றாள்.

சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. "எப்பதொட்டு?"

"நீங்கள் ரெண்டாம் முறை வெளிக்கிடேக்கையே எனக்குச் சொல்லிப்போட்டினம்."

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போடுவியள் எண்ட பயம்."

அவள் லொறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொருக்காலும் உங்கடை பெட்டியை நான்தானே அடுக்கினனான்," என்றாள். "இருக்கிறதுக்குள்ளை நல்ல சேட்டாப் பாத்து, அயன் பண்ணி வைச்சனான். வீட்டிலை இவரைப் பாக்க ஆளில்லை எண்டு அவள் நினைச்சிடக்கூடாதெல்லோ."