கல்யாணம் ஆனவர்கள் பக்கம் இரண்டு கோல்கீப்பர்

ஆந்திராவில், திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் புத்தூர் கால்பந்துக் கிளப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்குப் பிறகுதான். மாவட்ட லீகில் இரண்டாம் டிவிஷனில் தட்டுத்தடுமாறி ஆடும் கிளப் அது. அதைப் பற்றிப் பேச என்னோடு யாரும் போட்டிக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். ஒவ்வொரு வருஷமும் சீசன் தொடங்கும் முன், இந்தத் தடவை நம் ஆட்கள் எப்படி ஆடுவார்கள் என்று வாட்ஸாப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவது நான்தான். மைதானத்தை ஒட்டிய டீக்கடையில் அதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்பார்கள். என்னிடம் திட்டு வாங்கியவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். மறுநாள் என் கடை வாசலில் வந்து நின்று, "இன்னாக்கா, இப்டி மானத்த வாங்கிட்ட?" என்பான். ஒழுங்காக ஓடு, வாங்கின மானத்தைத் திருப்பித் தருகிறேன் என்பேன்.

என் கடை தையல் கடை. கிளப்பின் பனியன், டிராயர் எல்லாம் பிரித்துப் பிடிக்கவும் நம்பர் தைக்கவும் என்னிடம்தான் வரும். மற்றவர்கள் பயிற்சியைப் பார்த்துக் கணிக்கட்டும், நான் டேப்பைப் பார்த்துக் கணிப்பேன். போன வருஷத்து டிராயர் ஏறாமல் "கொஞ்சம் பிரிச்சு உடுக்கா" என்று ஒருத்தன் வந்தால், அவனுக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். அவ்வளவுதான் என் சாஸ்திரம்.

இந்த வருஷம் ஆரம்பமே அமர்க்களமாக இருந்தது. எங்கள் சென்டர் ஃபார்வர்டு ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவன். அவன் இடுப்பு இளைத்து வந்து டிராயரைப் பிடித்துத் தரச் சொன்னபோது எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. லெஃப்ட் பேக் மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். தோள் நன்றாக விரிந்திருந்தது. ஆனால் அவன் உதைக்கும் பந்து எந்தப் பக்கம் போகும் என்பது அவனுக்கே தெரியாது, அதை அளக்க என்னிடம் டேப் இல்லை. கேப்டன் ஸ்கூலில் டிரில் மாஸ்டர். போன சீசனில் கால் எலும்பு விட்டுப்போனது. வேறு ஊராக இருந்தால் கதை முடிந்திருக்கும். எலும்புக்குக் கட்டுப் போட ஊர் உலகமெல்லாம் எங்கள் ஊருக்குத்தான் வருகிறது என்பதால், அவர் மைதானத்திலிருந்து நேராக ஆட்டோவில் போய்க் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதே தைரியத்தில்தான் வெளியூர் டீம்காரர்களும் இங்கே வந்து இஷ்டத்துக்குக் காலை நீட்டுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இப்படி ஒவ்வொருவராக முடிவு செய்துகொண்டே வந்தவள் கோல்கீப்பரிடம் வந்ததும் நின்றுவிட்டேன். கோல்கீப்பர் என் வீட்டுக்காரர்.

அவர் பஸ் கண்டக்டர். புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே நாள் முழுக்கக் கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருவுக்கே கேட்கும். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கிளப்புக்கு அவர்தான் கீப்பர். இப்போது நாற்பதை நெருங்குகிறார். இந்த வருஷம் பாலசமுத்திரத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். தென்னங்கன்று மாதிரி உயரம், எகிறினால் மேல் கம்பியைத் தொடுகிறான். இரண்டு பேரில் ஒருவர்தான் ஆட முடியும். என் வீட்டுக்காரருக்கு ஆசை ஒன்றே ஒன்று: இன்னும் ஒரு சீசன். கேப்டனுக்கோ சீனியரின் முகத்துக்கு நேரே எதையும் சொல்லத் தைரியம் இல்லை. "ஆட்டத்தப் பாத்துட்டு நீயே குரூப்ல சொல்லிடும்மா, நீ சொல்றதுதான்" என்று பாரத்தை என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே மரியாதை. சாயங்காலமானால் மல்லிப்பூ, சப்போட்டா. "இன்னா மாமா, லஞ்சமா?" என்றால், "சேச்சே, வழியில வித்துக்கினு இருந்தான்" என்பார். பூவை வைத்துக்கொண்டேன், பழத்தையும் துன்னு முடித்தேன், வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கிளப்பில் டீமை முடிவு செய்வது ஒரு ஆட்டத்தை வைத்துத்தான். கல்யாணம் ஆனவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம். தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாற வேண்டும். வழக்கம்போலப் பார்த்தால் என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம், பையன் அந்தப் பக்கம் என்று ஒழுங்காகப் பிரிந்திருக்கும். ஆனால் பையனுக்கு முந்தின வாரம்தான் நிச்சயதார்த்தம். பந்தை நடுவில் வைத்துவிட்டு, அவன் எந்தப் பக்கம் என்று ஆரம்பித்தார்கள்.

"தாலி கட்டல இல்ல, எங்காளுதான்" என்றான் சென்டர் ஃபார்வர்டு.

"தாம்பூலம் மாத்தியாச்சு, நிச்சிதார்த்தம் ஐபோயிந்தி கதா! இனிமே அவன் எங்காளு" என்றார் கேப்டன், பாதித் தெலுங்கில்.

பையனைக் கேட்டார்கள். அவன் வெட்கத்தில் கிளவுஸைக் கடித்துக்கொண்டு நின்றான். வெயில் ஏறுகிற வரைக்கும் தமிழிலும் தெலுங்கிலும் வாதாடி, கடைசியில் அவன் கல்யாணம் ஆனவன் என்றே தீர்மானித்தார்கள். இப்படி ஒரே கோலுக்கு இரண்டு கீப்பர். முதல் பாதி என் வீட்டுக்காரர், அடுத்த பாதி பையன் என்று முடிவானது. அந்தப் பக்கம் லெஃப்ட் பேக்கைக் கோலில் நிற்க வைத்தார்கள், பாவம்.

என் இடம் எப்போதும் கோல் போஸ்டுக்குப் பின்னால்தான். இடைவேளையில் அவர் பக்கம் மாறினால் நானும் பக்கம் மாறுவேன். அன்றைக்கும் முதல் பாதியில் வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்தினேன். என் வீட்டுக்காரர் ஒரு பந்தைக் காலிடுக்கில் விட்டார். பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் ஓயாமல் கத்தக் கத்த எங்கள் டிஃபென்ஸ் கயிறு கட்டி இழுத்தது போல நகர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு பந்தும் உள்ளே வரவில்லை.

இரண்டாம் பாதியில் பையன். தீர்ப்புச் சொல்லப் போகிறவள் ஒரு பக்கமாகக் கத்தக்கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பையன் பாய்ந்த பாய்ச்சலைச் சும்மா சொல்லக்கூடாது, கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. டிஃபென்ஸ்காரர்கள் சந்தையில் தொலைந்தவர்கள் போல நின்றார்கள், இரண்டு கோல் விழுந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "லெஃப்ட்ல ஆளே இல்ல" என்று நான் முந்தானைக்குள் முணுமுணுத்தேன். அடுத்த நொடி அவர், "எடமக்கி போ ரா!" என்று தெலுங்கில் ஒரு அதட்டல் போட்டார். லெஃப்ட் பேக்குக்குப் பதில் நின்றவன் அலறியடித்து இடது பக்கம் ஓடினான். இந்த மனுஷனுக்குத்தான் என்ன கண் என்று பூரித்துப்போனேன்.

கல்யாணம் ஆனவர்கள் தோற்றார்கள். கேப்டன் ரசம் ஊற்றப் பையன் அப்பளம் வைத்தான்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு போனை எடுத்தேன். எல்லாரையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னேன்: "கைன்னு பாத்தா பாலசமுத்திரத்துப் பையன்தான். அவனே ஆடட்டும். ஆனா ஆட்டத்தப் படிக்கிற கண்ணும் அத எடுத்துச் சொல்ற வாயும் நம்ம மாவட்டத்துலயே ஒருத்தருக்குத்தான் இருக்குது, அவர் எங்க வீட்டுக்காரர். அவர் வெளிய இருந்து கத்தட்டும். இந்த வருஷம் நாம டிவிஷன் ஏறுவோம்." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். டீக்கடையில் அவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். குரலே இல்லை. உப்பு கேட்பார் என்று நானே குறைத்துப் போட்டிருந்தேன், அதையும் கேட்கவில்லை. அடுத்த நாள் டியூட்டிக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைந்து, தன்னுடைய ஒன்றாம் நம்பர் பனியனை மிஷின் மேல் வைத்தார்.

"அந்தப் பையனுக்கு மாரு சின்னது. ரெண்டு பக்கமும் புடிச்சுத் தெச்சுக் குடு" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். நான் அந்தப் பனியனை அன்று வேறு எந்த வேலைக்கும் முன்னால் தைத்தேன், நூல் கண்ணுக்குத் தெரியாமல் தைத்தேன்.

சீசனின் முதல் ஆட்டம் திருப்பதியில். ரெஃப்ரி கண்டிப்பானவர், போஸ்டுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது என்று விரட்டிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நானும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டம் பார்த்தோம், படிக்கட்டில், நடுவில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு. எனக்குப் புதுப் பெண் போல ஒரே பூரிப்பு. கத்துவது இனிமேல் அவர் வேலை என்று நான் கடலையைத் துன்னுக்கினு சும்மா இருந்தேன். அவரும் சும்மா இருந்தார். கீழே எங்கள் டிஃபென்ஸ் திரும்பவும் சந்தையில் தொலைய ஆரம்பித்தது.

"கத்து மாமா!" என்றேன்.

"இன்னான்னு கத்தறது? நீ சொன்னாத்தான!"

எனக்குப் புரியவில்லை. அவர் கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்: "போஸ்டுக்குப் பின்னால நின்னுக்கினு நீ கத்துவ இல்ல, லெஃப்ட்ல ஆளில்ல, ரைட்ல ஆளில்லன்னு? அத்தத்தான் நான் உள்ள கத்திக்கினு இருந்தேன். எனக்குப் பந்து மட்டும்தான்மே தெரியும்."

குரூப் முழுக்கக் கேட்க நான் என் கண்ணுக்கே சர்டிபிகேட் கொடுத்திருக்கிறேன். "அப்ப அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா மாமா?"

"டீக்கடையில அத்தினி பேரு கேட்டுக்கினு இருந்தாங்க. நீ அவ்ளோ சந்தோசமா என்னத் தூக்கி வச்சுப் பேசிக்கினு இருந்த. எதுக்குக் கெடுக்கணும்?"

பதில் சொல்லுவதற்குள் வலது பக்கம் அவர்களுடைய ஆள் ஒருத்தன் தனியாக ஓடுவதைப் பார்த்துவிட்டேன். கடலையை விசிறிவிட்டு எழுந்து, "ரைட்ல ஆளில்ல!" என்று கத்தினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று அதையே தெலுங்கில், திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். ஒன்றாம் நம்பர் பையன் திரும்பிப் பார்த்தான், பாய்ந்தான், பந்தைத் தட்டிவிட்டான். படிக்கட்டில் இருந்தவர்கள் என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டி, என்ன கண்ணய்யா உனக்கு என்றார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

குரூப்பில் நான் இன்னும் திருத்தம் போடவில்லை. மனுஷன் அவ்வளவு சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருக்கும்போது எதற்குக் கெடுக்க வேண்டும்?