பொய்யாக எழுதத் தெரியாத ஜட்ஜ்

என் தங்கை புருஷனுக்குப் பதினெட்டு நாள் சம்பளம் பாக்கி. வைத்திருந்தவர் ஒரு படத் தயாரிப்பாளர். இரண்டு வருஷம் இழுத்தடித்தார். அதை வாங்கிய கதையைத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தையலில் பிழை சொல்ல மட்டும் இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

வாடகைக்கு எடுத்த ஒற்றை மிஷினோடு தொடங்கியவன். இன்று என் கடையில் பதினோரு மிஷின் ஓடுகிறது. இங்கே எடுக்கிற படங்களில் போலீஸ், வக்கீல், கைதி, ஜட்ஜ் என்று யார் வந்தாலும் உடுப்பு என்னிடமிருந்துதான் வாடகைக்குப் போகும். எத்தனையோ கதாநாயகர்களைத் தூக்குமேடைக்கு இடுப்பளவு எடுத்து அனுப்பிவைத்திருக்கிறேன். எல்லாரும் கடைசிக் காட்சியில் விடுதலையாகி என் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

என் மாப்பிள்ளை, அதாவது அந்தத் தங்கை புருஷன், அப்போது பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறவர். சிரிக்கவே மாட்டார். ஒரு நாள் கால்சட்டையைச் சின்னதாக்க என் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது படக் கம்பெனி ஆள் ஓடிவந்தார். ஜட்ஜாக நடிக்க வேண்டியவருக்கு வயிற்றுக் கோளாறாம். கறுப்பு அங்கியை எடுத்து மாப்பிள்ளை தோளில் போட்டேன். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

"மாப்ளே, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். இரும்பை எடை போடும்போது ஒரு மூஞ்சி வச்சிருப்பீங்கல்ல, அதையே வச்சுக்கிட்டு உட்காருங்க."

"பேசணுமா மச்சான்?"

"கடைசியில ஒரு தீர்ப்பு. அவ்ளோதான்."

அன்று உட்கார்ந்தவர் முப்பத்தேழு படத்தில் எழுந்திருக்கவில்லை. கொலை, கொள்ளை, சொத்துத் தகராறு, எல்லா வழக்கும் அவரிடம்தான் வந்தது. ஊரே அவரை ஜட்ஜ் என்று கூப்பிட ஆரம்பித்தது. நானும் இனி அப்படியே எழுதுகிறேன். அந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்தவன் நான் என்பதை மட்டும் யாரும் மறக்க வேண்டாம்.

ஜட்ஜிடம் ஒரே ஒரு குறை. எழுதுவதுபோல நடிக்கத் தெரியாது. வக்கீல்கள் வாதாடும்போது ஜட்ஜ் குறிப்பெடுக்க வேண்டும் என்பார் டைரக்டர். மற்ற நடிகர்கள் பேனாவைத் தாளின்மேல் சும்மா ஓட்டுவார்கள். இவருக்குக் கை வராது. "பேனாவைத் தொட்டா எழுதணும், இல்லன்னா மூடி வைக்கணும்" என்பார். அதனால் நிஜமாகவே எழுதுவார். அன்றைக்கு என்ன நடந்ததோ அது. எடைச் சீட்டு எழுதிப் பழகிய கை. எழுத்து குண்டுகுண்டாக, தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி இருக்கும்.

இனி வழக்குக்கு வருகிறேன். பதினெட்டு நாள் நடித்த அந்தப் படத்துக்குச் சம்பளம் தராததால், கொடுக்கும்வரை படத்தைப் பார்ப்பதில்லை என்று ஜட்ஜ் சபதம் போட்டார். அவருக்காக நாங்களும் பார்க்கவில்லை. இப்படி இருக்கும்போது அவருடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்று தீர்ப்பைத் தொடங்கினால் விசில் கேட்கும். தூக்குத் தண்டனை என்றால் கூண்டில் நிற்கிற கொலைகாரனே சிரிப்பான். ஒரு டைரக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசம் பெரிய கோர்ட் படம் ஆரம்பிக்கிறேன். அதுக்குள்ள பல்லைக் கட்டிட்டு வாங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்."

பல் டாக்டர் கேட்ட தொகையும் அந்தப் பதினெட்டு நாள் சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. நான் தருகிறேன் என்றேன். என்னிடம் இல்லாததா?

"வேணாம் மச்சான். நீங்க கட்டிவிட்ட பல்லால உங்களையே எப்படித் திட்டுறது?"

என் தங்கை சும்மா இருப்பாளா? "ஊருக்கெல்லாம் ஆயுள் தண்டனை குடுக்குறீங்க. அந்த ஆளுகிட்ட நம்ம கூலியைக் கேக்க உங்களுக்கு வாய் இல்ல?"

"வாய் இருக்குடி. பல்லுதான் இல்ல."

அவள் அன்றைக்கே மனு எழுதவைத்தாள். சம்பளப் பாக்கி வழக்குக்கு வக்கீல் தேவையில்லை, சம்பந்தப்பட்டவரே பேசலாம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். நான் புது வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். காலர் மடிப்பைப் பார்த்தாலே ஆள் உண்மை பேசுகிறவர் என்று தெரியும், அப்படித் தையல்.

விசாரணை நாளன்று கோர்ட் வாசலில் காவலுக்கு நின்றவர் ஜட்ஜைப் பார்த்ததும் விறைத்து ஒரு சல்யூட் அடித்தார். எங்கேயோ பார்த்த முகம், நம்ம ஐயாதான் என்று நினைத்துவிட்டார் பாவம். ஜட்ஜும் பழக்கதோஷத்தில் லேசாகத் தலையாட்டிவிட்டு நேராக மேடையைப் பார்த்து நடந்தார். முதல் படியில் கால் வைத்துவிட்டார். தங்கை ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? நம்ம இடம் கீழ!"

சின்ன அறை. நான்கு பெஞ்சு, இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றவில்லை. என்னுடைய படக் கோர்ட்டுகளில் இதைவிடப் பத்து மடங்கு தேக்கு இருக்கும். கதவு திறந்து நிஜ நீதிபதி வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கிற ஒரு அம்மா. அறையே எழுந்து நின்றது. ஜட்ஜ் மட்டும் எழுந்திருக்கவில்லை. முப்பத்தேழு படத்தில் எல்லாரும் எழுந்தது அவருக்காகத்தானே? பெரிய மனதோடு கையைக் காட்டி, "உக்காருங்க, உக்காருங்க" என்றார். தங்கை தொடையில் கிள்ளிய கிள்ளில் எழுந்து நின்றார்.

அந்த அம்மா பார்த்துவிட்டார். "நன்றிங்க. உட்கார்றேன்" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

தயாரிப்பாளர் மடிக்கணினி தூக்கிய வக்கீலோடு வந்திருந்தார். அந்த வக்கீலின் கோட்டு ரெடிமேட் கடைச் சரக்கு, தோள்பட்டை தொங்கியது. ஆனால் பேச்சு தொங்கவில்லை.

"அம்மா, இவர் நடிச்சது ரெண்டே நாள். ரெண்டு நாள் சம்பளம் எப்ப வேணா தரத் தயார். பதினெட்டு நாள்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

ஜட்ஜ் கூண்டில் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழேயிருந்து மேலே பார்க்கிறார். கை பழக்கத்தில் பேனாவைத் தேடியது. நான் பெஞ்சிலிருந்து எழுந்து, "ஆட்சேபிக்கிறேன்!" என்று கத்தினேன்.

"நீங்க யாரு?" என்று கேட்டார் அம்மா.

"இவர் மச்சான்."

"மச்சான் ஆட்சேபிக்கக் கூடாது. உட்காருங்க." பிறகு ஜட்ஜைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. ஏதாவது எழுத்துல இருக்கா?"

"தினமும் எழுதுனேன்மா. மேசையில வச்சிருந்த நோட்டுலயே எழுதுனேன். நோட்டு கம்பெனியோடது."

"அது பழைய பேப்பர்காரன்கிட்டப் போயிருக்கும்" என்றார் தயாரிப்பாளர். தங்கை என் கையை இறுக்கிப் பிடித்தாள். வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது. பல் போனது, அடுத்த மாதப் படமும் போனது என்றுதான் நினைத்தேன்.

அப்போது வக்கீல் அடக்கமாட்டாமல் ஒரு காரியம் செய்தார். "படத்துல இவர் வர்றது மொத்தம் ஆறே நிமிஷம். அம்மாவே பார்க்கலாம்" என்று மடிக்கணினியை மேசைமேல் திருப்பிவைத்து அந்தக் காட்சியை ஓடவிட்டார். நாங்களும் கழுத்தை நீட்டினோம். எங்களுக்கும் அதுதான் முதல் ஆட்டம்.

கதாநாயகன் மேசையைத் தட்டுகிறான். தாய் அழுகிறாள். ஜட்ஜ் குனிந்து எழுதுகிறார். திடீரென்று அவர் கை மட்டும் திரை முழுக்க வந்தது. குண்டுகுண்டான எழுத்து.

"நிறுத்துங்க" என்றார் அம்மா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்:

"'பதினெட்டாம் நாள். இன்றோடு முடிகிறது என்கிறார்கள். கதாநாயகன் மூன்று மணிக்கு வந்தார். சாப்பாட்டில் உப்பில்லை. கொலைகாரன் யார் என்று டைரக்டருக்கே இன்னும் தெரியவில்லை. சம்பளம் தருவார்களா என்பதும் தெரியவில்லை.'"

காவலுக்கு நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுத்தர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். தயாரிப்பாளர் மட்டும் தன் படத்தை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி வாயைப் பிளந்திருந்தார்.

"அம்மா, இது இவரே எழுதுனது. என்ன வேணா எழுதியிருக்கலாம்" என்றார் வக்கீல்.

"வழக்கு வரும்னு அப்பவே தெரிஞ்சா எழுதுனார்? எழுதுனது அவர், படம் பிடிச்சு ஊரெல்லாம் காட்டுனது நீங்க." அம்மா ஒரு தாளை ஜட்ஜிடம் நீட்டினார். "இதுல ஒரு வரி எழுதுங்க. சும்மா எழுதுற மாதிரி நடிச்சாலும் போதும்."

"அது எனக்கு வராதும்மா" என்று சொல்லிவிட்டு எழுதினார். அதே குண்டு எழுத்து. என்ன எழுதினார் என்று பிறகு கேட்டேன். 'இந்த அறையில் ஒரு விசிறி ஓடவில்லை' என்று எழுதினாராம்.

பதினெட்டு நாள் சம்பளத்தையும் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஆனால் தயாரிப்பாளர் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. வெளியே நின்றவர்கள் எல்லாரும், "கொலைகாரன் யாருன்னு இப்பவாவது தெரிஞ்சுதா சார்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இது பரவினால் அடுத்த படத்தை எவன் வாங்குவான்? காரிலிருந்து பையை எடுத்துவரச் சொன்னார்.

"ஜட்ஜய்யா, இதோட விட்டுடுங்க. வெளியில பேசாதீங்க."

"நான் எங்க பேசினேன்? எழுதினேன்" என்றார் ஜட்ஜ். விசிலோடுதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

தாழ்வாரத்தில் தயாரிப்பாளர் விரலை எச்சில் தொட்டுத் தாள்களை எண்ணத் தொடங்கினார். ஜட்ஜ் கையை நீட்டினார். தங்கை அந்தக் கையை ஓரமாகத் தள்ளினாள்.

"நீங்க தள்ளுங்க. பல் டாக்டருக்கு நான்தான் நேரம் வாங்கி வச்சிருக்கேன்." முந்தானையில் துடைத்த உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "எண்ணுங்க சார். சத்தமா எண்ணுங்க, எங்க அண்ணனுக்கும் கேக்கட்டும்."

அவர் சத்தமாகவே எண்ணி, ஒவ்வொரு தாளாக அந்த உள்ளங்கையில் வைத்தார்.