ஆயில் நட்டும் இரண்டு மலைகளும்

இந்த நிகழ்ச்சி நடந்தபோது நான் எங்கள் பள்ளத்தாக்கின் கல்லூரி ஒன்றில் இயற்பியல் துறைத் தலைவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்தேன். உத்தமபாளையத்திலிருந்து கூடலூர் வரை என்னிடம் படித்தவர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. வங்கிக்குள் நான் நுழைந்தால் யாராவது எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிற்பாடு என்னைப் பற்றிப் பரவிய பேச்சை எடைபோட நினைப்பவர்கள், அது எத்தகைய மனிதனைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

என்னிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதை வாங்கிய நாளிலிருந்து எஞ்சினில் என் கையன்றி வேறு கை பட்டதில்லை. ஆயில் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது, பிளக்கைச் சுத்தம் செய்வது எல்லாம் நானே. மெக்கானிக்குகளிடம் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. ஒரு இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று விளக்கத் தெரிந்தவன் அதைப் பராமரிக்கவும் கடமைப்பட்டவன் என்பது என் கொள்கை. அதை வகுப்பில் பலமுறை சொல்லியும் இருக்கிறேன். ஆகவே மீற வழியில்லை.

எங்கள் தெருமுனையில் செல்போன் கோபுரம் எழும்பிய ஆண்டு அது. ஆண்டிபட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த என் ஒரே மகளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி முடிந்ததும் பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். என் காரிலேயே வந்து அழைத்துச் செல்வதாகச் சம்பந்தியிடம் சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லுக்கு எதிராக ஒருவர் இருந்தார். அவர் என் மனைவியின் அண்ணன். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்தார். தோட்டத்துக்குப் போய்வர ஒரு ஜீப்பும் வைத்திருந்தார்.

"மாப்ள, தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எம் மருமகளக் கூட்டியார எம் ஜீப்புதான் வரணும். ஒங்க கார நம்பி வீரபாண்டி பாலத்துல நின்னுக்கிட்டுத் தள்ளுறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல" என்றார்.

தாய்மாமன் என்ற உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜீப்பில் கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றுவதென்பது ஏலக்காய் மூட்டையோடு மூட்டையாகக் கட்டி அனுப்புவதற்குச் சமம். மேலும், நான் சொன்ன சொல் ஒன்று இருந்தது.

இதற்கிடையில், காரின் ஆயில் விளக்கு ஒரு வாரமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆயிலை மாற்றாமல் ஆண்டிபட்டி வரை ஓட்டுவது முறையன்று. வளைகாப்புக்கு முந்தைய நாள் விடிந்ததும், எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கினேன். திராட்சைப் பந்தலுக்கு ஊன்றியது போக மிஞ்சிய கல்தூண்களை முன்வாசலில் கிடத்தி, முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தினேன். சாக்கை விரித்து, கார் அடியில் படுத்தேன். வெறும் பனியனோடு படுக்கும் வழக்கம் எனக்கில்லை. தெருவில் போகிறவர் காண்பது என் கால்களை மட்டுமே என்றாலும், முழுக்கைச் சட்டை அணிந்தே படுத்தேன்.

எஞ்சினின் அடித்தொட்டியில், தரையைப் பார்த்தபடி ஒரு நட்டு இருக்கும். அதைக் கழற்றினால் பழைய ஆயில் இறங்கிவிடும். ரிங் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். நகரவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து இழுத்தேன். சுத்தியலால் மெல்லத் தட்டி இழுத்தேன். அந்த நட்டு, மாணவர் தலைவன் போல, என் பேச்சு எதையும் கேட்பதாயில்லை.

காலைச் சிற்றுண்டி நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. பிறகு காருக்கும் தரைக்கும் இடையில் மச்சினரின் முகம் தலைகீழாகத் தோன்றியது.

"என்ன மாப்ள, இங்கன படுத்துக் கெடக்கீக? விடியுறப்பவே காருக்கு அடியில ரெண்டு காலு தெரிஞ்சுச்சுன்னு எதிர்வீட்டு டீச்சர் சொன்னாகளே!"

"ஆயில் மாத்துறேன். நட்டு கொஞ்சம் இறுகியிருக்கு."

"இறுக்குனது யாரு?"

"நான்தான். வேற யாரு தொடுவா?"

"கழட்டுறது?"

"நான்தான்."

"அப்ப இது ஒங்களுக்கும் ஒங்களுக்கும் உள்ள தகராறு. ஊடால வர நான் யாரு?" என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்தே சிரித்தார்.

நான் இறுக்கியதை எளிதில் எவராலும் கழற்ற முடியாது என்பதற்கு அதுவே சான்று என்று விளக்கினேன். அவர் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அவருடைய மகன் என்னிடம் படித்தவன். வீட்டில் பாடத்தை உரக்கப் படிக்கும் பழக்கமுள்ளவன். அதனால் இயற்பியல் சொற்கள் சில இவர் காதிலும் விழுந்திருந்தன.

"திருப்புத்திறன், திருப்புத்திறன்னு ஒரு பாடம் எடுப்பீகளே மாப்ள! அம்புட்டு வருசம் திருப்புத்திறன் சொல்லிக் குடுத்தவுகளுக்கு ஒத்த நட்டத் திருப்ப முடியலையா?"

எதிர்வீட்டு ஆசிரியை வாளியோடு செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர், ஊற்றாமல் நின்றார்.

திருப்புத்திறன் என்பது விசை ஒரு பொருளைச் சுழற்றும் அளவு. விசையை, சுழல் மையத்திலிருந்து அது செயல்படும் தொலைவால் பெருக்க வேண்டும். அதாவது கைப்பிடி நீண்டால் சிறிய விசையே போதும். பாடத்தின் பெயரைச் சொல்லி என்னைச் சீண்டியவருக்கு அந்தப் பாடத்தாலேயே பதில் சொல்வதென முடிவு செய்தேன். கொல்லையில் கிடந்த நீண்ட இரும்புக் குழாயை எடுத்து வந்து, ஸ்பேனரின் பிடியில் செருகினேன். குழாயின் மறுமுனை காரின் வடக்குப் பக்கமாக வெளியே நீண்டது. அடியில் ஒருவர் ஸ்பேனர் நழுவாமல் பிடிக்க வேண்டும். வெளியே ஒருவர் குழாயைத் தள்ள வேண்டும்.

"நான் தள்ளுறேன்" என்றார் மச்சினர். "வெளக்கு வைக்கிறதுக்குள்ள கழண்டா ஒங்க கார். கழலலையா, எம் ஜீப்பு. சம்மதமா?"

சம்மதித்தேன்.

இப்போது திசை பற்றிச் சொல்ல வேண்டும். நான் மல்லாந்து படுத்திருக்கிறேன், அவர் நிற்கிறார். என் வலப்பக்கம் அவருடைய வலப்பக்கம் அன்று. முன், பின் என்பவையும் பார்ப்பவரைப் பொறுத்து மாறும். இத்தகைய இடங்களில் மாறாத ஒன்றைச் சுட்டுவதே அறிவியல் முறை. சக்கரங்களின் இடைவெளி வழியே, தெருவுக்கும் தோப்புகளுக்கும் அப்பால், உச்சியில் மேகம் படிந்த மலை தெரிந்தது. அதைவிட அசையாத பொருள் வேறென்ன இருக்கிறது? மண்ணெண்ணெய் சொட்டியதால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்களை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னேன்:

"மலைப் பக்கமாத் தள்ளுங்க!"

அவர் தள்ளினார். நட்டு அசைந்தது.

"அசையுது! விடாதீக!" என்று நான் கத்தியதாகச் சொல்கிறார்கள், அது உண்மைதான். ஆசிரியை கைதட்டினார். மச்சினர் இன்னொரு முறை தள்ளினார். மயிரிழை அளவு மீண்டும் அசைந்தது. அதன்பின் பாறையாகிவிட்டது. அவர் மூச்சுப் பிடித்துத் தள்ளினார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தள்ளினார். "மலைப் பக்கம்! மலைப் பக்கம்!" என்று நானும் விடாமல் சொன்னேன்.

சத்தம் கேட்டு என் மனைவி வெளியே வந்தாள். வளைகாப்புக்கு அதிரசம் தட்டிக்கொண்டிருந்தவள். விரல்களில் மாவு ஒட்டியிருந்தது. சிறிது நேரம் பார்த்தபடி நின்றாள்.

"அண்ணே, எந்தப் பக்கம் தள்ளுறீக?"

"ஒம் வீட்டுக்காரவுக சொல்ற பக்கந்தான் ஆத்தா. மலைப் பக்கம்."

"எந்த மலை?"

அவர் மேற்கே கை காட்டினார்; கார் அடியிலிருந்து நான் கிழக்கே கை நீட்டினேன்.

எங்கள் பள்ளத்தாக்குக்கு மேற்கே கேரளத்து மலை, கிழக்கே மேகமலை. எங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கும். மச்சினருக்கோ வாழ்நாள் முழுவதும் மலை என்றால் ஏலத்தோட்டம் இருக்கிற மேற்கு மலைதான். "மலைக்குப் போறேன்" என்று அவர் ஜீப்பைக் கிளப்பினால் வீட்டில் யாரும் எந்த மலை என்று கேட்பதில்லை. என் தகப்பனாரின் திராட்சைத் தோட்டம் மேகமலைச் சரிவைப் பார்த்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மலை என்றால் கிழக்கே இருப்பதுதான். நான் கிழக்கைச் சொல்ல, அவர் மேற்கே தள்ளியிருக்கிறார். நட்டு கழலவில்லை, மேலும் மேலும் இறுகியிருக்கிறது.

"எங்க அய்யா வீட்டுல பொழுது மலையில விழும். வாக்கப்பட்டு வந்த வீட்டுல பொழுது மலையில மொளைக்கும். ரெண்டு வீட்டு மலையும் எனக்குத் தெரியும். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் என் மனைவி.

மச்சினர் குழாயை விட்டுவிட்டு, காரின் பக்கவாட்டில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். ஆசிரியை வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சார், நீங்க ரெண்டு பேரும் பாகப்பிரிவினை மாதிரி ஆளுக்கொரு மலைய எடுத்துக்கிட்டீகளே!" என்றார். என் மனைவி முந்தானையால் வாயை மூட முயன்று, மாவை மூக்கில் அப்பிக்கொண்டாள். நானும் சிரித்தேன். அடியில் இருந்ததால் என் முகம் ஒருவருக்கும் தெரிந்திராது.

பந்தயத்தில் வெல்ல வேண்டியவர் வேண்டுமென்றே தவறான பக்கம் தள்ளினார் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. ஏனெனில் அதன்பின் அவர் நடந்துகொண்ட விதம் அதற்கு இடம் தரவில்லை. சிரிப்பு அடங்கியதும் துண்டை மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"இம்புட்டு நேரம் இறுக்குனது நானு. நான் இறுக்குன நட்டோட எம் மருமக ஒங்க கார்ல ஏற மாட்டா. ஜீப்பு கெடக்கு விடுங்க. ஒங்க மலைக்கே தள்ளுறேன், பிடிங்க மாப்ள!"

நான் ஸ்பேனரை இரு கைகளாலும் நட்டோடு சேர்த்து அழுத்தினேன். அவர் கிழக்கே தள்ளினார். குழாய் வளைந்தது; நட்டு வளைந்துகொடுக்கவில்லை.

"தள்ளிக்கங்கண்ணே, நானும் பிடிக்கிறேன்" என்று என் மனைவி மாவுக் கையோடு குழாயைப் பற்றினாள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு மூச்சில் தள்ளினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். கல்லூரி நாட்களில் என் மாணவர்கள் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றபோதும் என் காதுக்கு அத்தனை இனிய சத்தம் கேட்டதில்லை.

மீதியை விரலாலேயே சுழற்றினேன். நட்டு கையோடு வந்தது. கறுத்த ஆயில் கொட்டியது. சட்டியை அதற்கு நேர் கீழே வைத்திருந்தேன். ஆனால் ஆயில் நேராக விழவில்லை. தெருவே கேட்கும்படி மச்சினர் குலவை போட்டார். குலவை பெண்கள் போடுவது என்று என் மனைவி சொன்னபோது, "தாய்மாமன் போட்டா தப்பில்ல" என்றார்.

நட்டுக்குப் புது வாஷர் போட்டு, மாட்டி, புது ஆயில் ஊற்றி எஞ்சினைக் கிளப்பினேன். விளக்கு ஒருமுறை கூடச் சிமிட்டவில்லை. மச்சினருக்கு முதல் ஈடு அதிரசம் அந்தக் காரின் பானெட்டின் மேலேயே பரிமாறப்பட்டது.

மறுநாள் அவர் ஜீப்பை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, என் காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். தேனியைத் தாண்டுவதற்குள் பொறுக்க முடியாமல் தனக்குத்தானே இரண்டு முறை சிரித்தார். ஆண்டிபட்டியில் சீர்த்தட்டுகளை இறக்கும் முன்பே கதையை இறக்கிவிட்டார். வளையல் அடுக்கி முடிந்ததும் அதை மறுபடி சொன்னார். அடுக்கிய கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மகள் சிரித்த சிரிப்பில், வளையல்கள் குலுங்கியது பந்தல் கடைசி வரை கேட்டது. சம்பந்தியம்மாள் பயந்துபோய், "மெதுவாச் சிரி தாயி" என்றார்.

திரும்பும் வழியில் பின்சீட்டில் தாயின் மடியில் தலை சாய்த்திருந்தவள், ஊர் எல்லையில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு எந்த மலைப் பக்கம் திரும்பணும்?"

மச்சினர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டார். நான் கிழக்கே திருப்பினேன்.

இனி ஊர்ப் பேச்சு. என் முகம் முழுவதும் ஆயில் வழிந்து கண்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன என்று எதிர்வீட்டு ஆசிரியை சொல்லிவருகிறார். ஆயில் என் சட்டைக் காலரிலும் இடது தோளிலும் மட்டுமே பட்டது. அந்த நட்டைக் கழற்றியது மச்சினரும் என் மனைவியும்தான் என்று உறவினர் வீடுகளில் சொல்லப்படுகிறது. அதுவும் சரியன்று. அவர்கள் தள்ளியது குழாயை. நட்டைத் தொட்டது ஸ்பேனர். அதைப் பிடித்திருந்தவன் நான். குழாய் அந்த நட்டைத் தொடவே இல்லை.