அவர் பொறுமையாகக் குளிப்பாட்டிய பூனை

எங்கள் பூனை எதனால் செத்தது என்று என் கணவரிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? இத்தனை நாள் யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. அது செத்துவிட்டது என்பதையே இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அவர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்பினால் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வெளியேதான். ஒருமுறை திரும்பி வந்தபோது, லாரியின் டூல்ஸ் பெட்டியிலிருந்து ஒரு பூனைக்குட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். எந்த ஊரில் உள்ளே புகுந்ததோ, யாருக்கும் தெரியாது. "இந்திக்காரன். தமிழ் தெரியாது, கோவிச்சுக்காதே" என்றார். அன்றிலிருந்து தெருவுக்கே அது இந்திக்காரப் பூனை. சோறு வைக்கும்போது, 'வா, வா' என்பதற்கு இந்தியில் "ஆவ், ஆவ்" என்று கூப்பிடுவார். எங்கள் மூன்று வயது மகள் பூனைகளுக்கெல்லாம் அதுதான் பாஷை என்று நம்பி, தெருவில் போகிற பூனைகளையும் அப்படியே அழைப்பாள்.

பனி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது பூனைக்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தது. மகளின் கால்களில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். நான் எதையும் ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்துகிறவள் அல்ல. "பாப்பாவைக் கடிக்குதுங்க, ஏதாச்சும் பண்ணோணுங்க" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கிளம்பவிருந்த நாளில், காலையிலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பூனையை வாசலுக்குத் தூக்கி வந்தார். மாடு கட்டும் கட்டுத்தாரையில் உண்ணி மருந்து ஒரு பாட்டில் இருந்தது. தண்ணீரில் கலந்து மாட்டின் உடம்பில் தேய்ப்போம். மாட்டுக்குக் கலப்பதைவிடக் குறைவாகக் கலந்து, கண்ணில் படாமல், காதில் இறங்காமல், அவ்வளவு பொறுமையாகத் தேய்த்துவிட்டார். பூனை அவர் முழங்கையை நக்கிக்கொண்டு நின்றது.

"பாரு, மாடுகூட இப்பிடி நிக்காது."

"கழுவி உட்றோணுமாங்க?"

"கழுவுனா மருந்து போயிருமில்ல. காயட்டும், உடு."

ரிக் வண்டி வடக்கேயே நின்றிருந்ததால், மாலையில் சேலத்துக்குப் பஸ் ஏறினார். அங்கிருந்து ரயில்.

மறுநாள் காலை பூனை அடுப்படி மூலையில் உட்கார்ந்திருந்தது. அதன் காது துடித்தது. ஈ மொய்க்கிறதென்று நினைத்தேன். பிறகு முகம் துடித்தது, தோள் துடித்தது, கொஞ்ச நேரத்தில் உடம்பு முழுவதும் நடுங்கியது. வாயோரம் எச்சில் வழிந்தது. எழுந்து நடக்கப் பார்த்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. தொட்டால் துள்ளியது.

பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தார். "வெறி புடிச்சிருக்குதாட்ட இருக்குது. புள்ளையத் தூக்கிட்டு உள்ள போ அம்மிணி."

"அதுக்கு வெறிநோய் ஊசியெல்லாம் போட்டிருக்குதுங்கக்கா."

"ஊசி போட்ட மனுசனுக்கே காச்சல் வருது. இல்லீனா பல்லி கில்லியத் தின்னிருக்கும். ரெண்டு கரண்டி பால ஊத்து, முறிஞ்சிரும்."

ஊற்றினேன். பூனையால் விழுங்க முடியவில்லை. புரையேறி மூக்கு வழியாக வந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். மகள் அருகே போய்விடக் கூடாதென்று பூனையைக் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். அவருக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் வாளியில் அது மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெறிநோயாக இருந்தால் என்ன செய்வது, இல்லையென்றால் என்ன செய்வது என்று நின்றதிலேயே மதியம் ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் கால்நடை மருத்துவர்களுக்குக் குறைவில்லை. பாதிப் பேர் கோழிப்பண்ணைகளுக்குப் பார்ப்பவர்கள், மீதிப் பேர் மாடுகளுக்கு. பூனை பார்க்கும் பெண் டாக்டர் ஒருவர் நாமக்கல்லில் இருப்பதாகப் பால் சொசைட்டியில் சொன்னார்கள். மகளை அக்காவிடம் விட்டுவிட்டு, முட்டை அட்டைப்பெட்டியில் துண்டை விரித்துப் பூனையை வைத்தேன். வைக்கும்போது கையில் கீறியது. டாக்டரின் கிளினிக்கில் எனக்குப் பக்கத்தில், செத்த கோழிகளைச் சாக்கில் கட்டி அறுத்துப் பார்க்கக் கொண்டுவந்த பண்ணைக்காரர் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னால போங்க அம்மிணி. என்னுதுக்கு அவசரமில்ல" என்றார்.

டாக்டர் பூனையின் பிடரியில் முகர்ந்து பார்த்தார். "தெள்ளுக்கு ஏதாவது தடவினீங்களா?"

"மாட்டு உண்ணி மருந்துங்க. எங்க வீட்டுக்காரர் கம்மியாத்தான் கலந்தாருங்க."

டாக்டர் திட்டவில்லை. வேலையைச் செய்துகொண்டே சொன்னார். மாடு தாங்கும், நாய்கூடத் தாங்கும், பூனையின் ஈரலால் அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாது. குறைத்துப் போட்டாலும் பூனைக்கு அது விஷம்தான். உடம்பை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போய்விடுகிறது. முதலில் நடுக்கம் நிற்க ஊசி போட்டார். அடங்கிய பிறகு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து மெதுவாகக் கழுவினார். துடைத்து, துணியில் சுற்றி, சூட்டில் வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்.

"இனிமே எந்தப் பூனைக்கு இப்படி நடுக்கம் வந்தாலும் வாயில எதையும் ஊத்தாதீங்க. பால், எண்ணெய் எதுவுமே வேண்டாம். துணியில சுத்தி, மருந்து பாட்டிலையும் எடுத்துக்கிட்டு உடனே வாங்க. தெள்ளுக்குப் பூனைக்குன்னே மருந்து இருக்கு. எடை பார்த்துக் குடுப்போம்." பிறகு என் கையைப் பார்த்தார். "இது வெறிநோய் மாதிரி தெரியல. இருந்தாலும் கீறலை சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு, இன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்டிருங்க."

சாயங்காலம் நடுக்கம் குறைந்திருந்தது. குனிந்து "ஆவ்" என்றேன். காதை என் பக்கம் திருப்பியது. அன்றிரவு அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். நம்பிக்கையோடுதான் பஸ் ஏறினேன்.

காலையில் டாக்டரே கூப்பிட்டார். இரவு மறுபடி வலிப்பு வந்து, ஊசிக்கும் நிற்கவில்லை என்றார். "நேத்துக் காலையிலேயே வந்திருந்தா?" என்று கேட்டேன். "வாய்ப்புக் கொஞ்சம் கூடியிருக்கும்மா. உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அதே பெட்டியில் கொண்டுவந்து வேலியோரம் புதைத்தேன். பூனை அதனுடைய ஊருக்குப் போய்விட்டதாக மகளிடம் சொன்னேன்.

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். கட்டுத்தாரைக்குப் போய் அந்தப் பாட்டிலை எடுத்து அன்றைக்குத்தான் லேபிளைப் படித்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து வீடியோவில் வந்தார். "எங்கே நம்ம ஆளு?"

"வெளிய போயிருக்குதுங்க."

"பொண்ணு பாக்கப் போயிட்டானா? போகட்டும், வயசாச்சில்ல. தெள்ளு போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

அவர் நாள் முழுக்கச் சுழலும் ராடுக்குப் பக்கத்தில் கையை வைத்து வேலை செய்கிறவர். அந்த வண்டியில் முன்பு ஒருவர் வேறெதையோ நினைத்துக்கொண்டு நின்று இரண்டு விரல்களை இழந்தார். அதனால்தான் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதும் உண்மையாக இருக்கலாம்.

போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னார்: "நம்ம டிரில்லருக்குச் சொந்த ஊரு ஜலகண்டாபுரம். அவரு ஊட்ல ரெண்டு பூனையாம், ஒரே தெள்ளாம். நம்ம மருந்தைத்தான் சொல்லியிருக்கேன்."

"வேண்டாங்க. பூனைக்கு ஆகாதாமாங்க. படிச்சேன்."

"நம்மாளுக்கு ஒண்ணும் ஆகலியே சாமி" என்று சிரித்தார்.

அந்த வீட்டு நம்பரை எப்படியோ கேட்டு வாங்கி, உடனே பேசினேன். முகம் தெரியாத அந்த டிரில்லர் மனைவியிடம்தான் முதன்முதலாக முழுவதையும் சொன்னேன். பாட்டில் வாங்கி வைத்திருந்தார், இன்னும் திறக்கவில்லை. "அண்ணனுக்குத் தெரியுமாங்க்கா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"நான் சொல்ல மாட்டேனுங்க. ஆனா மருந்து போட்டியான்னு எங்கூட்டுக்காரரு தினமும் கேக்கறாருங்க. நான் என்னன்னு சொல்றதுங்க்கா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். எங்கள் கணவர்கள் இருவரும் ஒரே வண்டியில், ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறவர்கள். இனி எந்த நாளும் இது அவருக்கு வேறொருவர் வாயால் தெரிய வரலாம்.

அங்கே மழை தொடங்கினால் வண்டி திரும்பிவிடும். வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் நின்று "ஆவ்" என்பார். அதுவரை பொறுத்து, நேரில் சொல்லலாமா? அல்லது இப்போதே, வேலை இல்லாத ஒரு நாளாகப் பார்த்துப் போனில் சொல்லிவிடுவதா? எப்போது சொன்னாலும், அவர் தன் கைகளை வெறுக்காதபடி அதை எந்த வார்த்தைகளில் சொல்வது? உங்களில் யாராவது இப்படி ஒன்றை அன்பானவரிடம் சொல்லியிருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். முதல் வாக்கியம் மட்டும் கிடைத்தால்கூடப் போதும்.